வேதக்கோயிலில் காய்ந்த பாவு

பயப்படுவதற்கென்று ஓர் ஊர் ஓர் ஆளை வேலைக்கு வைத்ததாக நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் வடசேரி நெசவுத் தெரு வைத்தது. அந்த ஆள் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யம். எனக்குக் கல்யாணமான புதிது. என் பெண்டாட்டி கழுத்துக் கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. தெருவின் நெசவாளர் சங்கத்துக்கு என் மாமனார் தலைவர். அவர் என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணனும்கூட. அதாவது, என்னைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே தெரிந்தவர். தெரிந்தும் பெண்ணைக் கொடுத்தவர். அந்தத் தைரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் மரியாதை வருகிறது.

நெசவு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். துணியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, பெரிய புருசால் நீவிக்கொண்டே காயவைக்க வேண்டும். கஞ்சி குடித்த நூல்தான் தறியின் அடியைத் தாங்கும். நீவுகிற கை நின்றால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். பாதி காய்ந்த நேரத்தில் மழை விழுந்தாலோ போச்சு. கோழி கிளறிய வைக்கோல்தான். ஓணத்துக்கு முண்டு நெய்ய வேண்டுமென்றால் ஆடியிலேயே பாவு போட்டாக வேண்டும். ஆடியிலோ வேளிமலைப் பக்கமிருந்து சாரல் எப்போது இறங்கும் என்று வேளிமலைக்கே தெரியாது. ஆகவே பாவு போடுகிற நாளில் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும்.

சங்கம் கூடியது. ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். நல்ல தைரியசாலியாக ஒருவரைச் சொன்னபோது மாமனார் தலையை ஆட்டினார்.

"அவரு வேண்டாம் ஓய். தைரியம் உள்ளவன் மேகத்தைப் பாத்தா 'இது பெய்யாது'ன்னு நிப்பான். அதுக்குள்ள பாவு நனைஞ்சு போவும். நம்ம மருமவனை நிறுத்துவோம். காக்கா நெழலு விழுந்தாலும் கத்துவான்."

சங்கம் சிரித்தது. சிரித்தபடியே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் போட்டியில்லாமல் ஜெயித்த ஒரே பதவி அது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். என் பெண்டாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "எங்க அப்பா உங்களுக்கு நல்ல வேலையாத்தான் பாத்து குடுத்திருக்கு. தனியா ஒண்ணும் படிக்க வேண்டாம்" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அந்த வேலையை ஒழுங்காகப் பார்த்தேன். நூல்கடை மாடியில் ஏறி நின்றால் தென்னை மண்டைகளுக்கு மேலே வேளிமலை தெரியும். அங்கிருந்து நான் கத்தினால் ஒருவரும் 'எங்கே, என்ன' என்று கேட்பதில்லை. உடனே பாவைத் தூக்க வேண்டும். அது தெருவின் சட்டம். கத்தியது வீணாகப் போனால் ஒரு நாள் நஷ்டம், கத்தாமல் இருந்து மழை வந்தால் ஒரு மாத நஷ்டம் என்பது மாமனார் கணக்கு. என் பயத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை நான் முப்பது வயதுக்குள் தெரிந்துகொண்டேன். பலருக்கு அது சாகும்வரை தெரிவதில்லை.

இந்த இடத்தில் எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ளாமல் என்னால் மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபதுகளில் நூல் எங்களுக்கு மாட்டுவண்டியில் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் ஏற்றி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றோடு மல்லுக்கட்டி, சுங்கச் சாவடியில் மகாராஜாவின் சிப்பந்திகளுக்குப் பதில் சொல்லி, தோவாளைப் பூ வாசத்தைத் தாண்டி வடசேரிக்கு வந்து சேரும்போது மாடும் வண்டிக்காரனும் ஒரே முகமாக இருப்பார்கள். அப்போதெல்லாம் நூல் வரும் நாள் திருநாள். வண்டி வராத வாரத்தில் தறியில் பூனை தூங்கும். அப்புறம் பஸ் வந்தது. பஸ்ஸின் தலைமேல் நூல்கட்டும் உள்ளே மனிதர்களுமாக வரும். மேடு வந்தால் மனிதர்களை இறக்கிவிடுவார்கள், நூலை இறக்க மாட்டார்கள். எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது.

அதோடு புதுத் தறி வந்தது. கயிற்றைச் சுண்டினால் ஊடை நூலைச் சுமந்த நாடா தானாகவே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறக்கும். முதன்முதலில் அதைப் பார்த்து நான் பின்னால் துள்ளி விழுந்ததை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. ஒரு தறி இருந்த வீட்டில் இரண்டு ஆயிற்று. மாட்டுத் தொழுவத்தில் மூன்றாவது தறிக்குக் குழி தோண்டினார்கள்; மாடு வெளியே நின்று நாங்கள் நெய்வதை அசைபோட்டபடி பார்த்தது. இரணியல் பக்கத்திலிருந்து சம்பந்தம் பேச வந்த நெசவாளர்கள் பெண்ணையும் பார்த்தார்கள், தெருவையும் பார்த்தார்கள்; பெண் பிடித்ததோ இல்லையோ, இங்கேயே தறி போட்டுத் தங்கிவிட்டார்கள். இழை கோக்கும் அச்சு கட்டுகிறவர், சாயம் முக்குகிறவர், புருசு செய்கிறவர் என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் காப்பி போட ஒருவர் வந்தார். காப்பிக் கடை வந்துவிட்டால் அது ஊர்தானே.

அஞ்சுகிராமத்துக் கல்யாண வீட்டுக்காரர்கள் வண்டி கட்டி வந்து துணி எடுத்தார்கள். கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்கள் எங்கள் துவர்த்துத் துண்டைத்தான் சும்மாடு கட்டக் கேட்பார்கள். அவர்கள் வாங்குகிற முறையே தனி. துவர்த்தைச் சுருட்டித் தலையில் வைத்து, மீன்கூடையை ஏற்றி, தெருவில் ஒரு நடை நடந்து பார்ப்பார்கள். நழுவினால் துவர்த்தை நம் முகத்திலேயே எறிவார்கள். அந்தப் பரீட்சையில் தேறிய துணிக்கு வேறு எந்தப் பட்டமும் தேவையில்லை என்று நாங்கள் நினைத்தோம். காலையில் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். ஒரு வீட்டில் மட்டும் சத்தம் நின்றுவிட்டால் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன ஓய், மேலுக்கு முடியலியா?" என்று கேட்பார்.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை. எங்கள் முண்டு திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போகும். அங்கே வேறோர் ஊரின் முத்திரை அதன்மேல் விழும். வடக்கே பேர் வாங்கிய நெசவு ஊர் அது. அங்கே நெய்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் பக்கத்திலிருந்து குடிபோனவர்களின் வழிவந்தவர்கள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அதனால் எரிச்சல் இரட்டிப்பு. நம் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சித்தப்பன் பேரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மாதிரி இருந்தது.

அந்த வருஷம் ஆனி மாதம் சாலைக் கடைத்தெரு வியாபாரி ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்கும், பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். என் மாமனார் நேராகவே கேட்டுவிட்டார்.

"மொதலாளி, துணி எங்களுது. பேரு மட்டும் எதுக்கு அவங்களுது? வடசேரின்னு குத்தினா என்ன?"

வியாபாரி கோபப்படவில்லை. எங்கள் முண்டுகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். "நோக்கும் ஓய். ஒண்ணு தடி, ஒண்ணு மெலிசு. ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டை. துணி நல்ல துணிதான். ஆனா பத்து முண்டை அடுக்கினா பத்து அம்மை பெத்த பிள்ளைய மாதிரி நிக்குது. இதுக்கு ஒரே பேரு எப்படி வைக்க?"

அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நூல், ஒரு கஞ்சி, ஒரு அடி. என் வீட்டு அடிக்கு ஒரு நடுக்கம் வேறு.

கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது. ஓணத்துக்கு ஒரே நூலில், ஒரே கஞ்சியில், ஒரே பெரிய பாவு போடுவது. அதைப் பங்கு வைத்து எல்லா வீட்டிலும் நெய்வது. பாவு போடுகிற அன்றைக்கு வியாபாரியே வந்து பார்ப்பார். பாவும் சரி, பின்னால் வரும் துணியும் சரி, ஒன்று போல இருந்தால் 'வடசேரி' என்று முத்திரை குத்தி விற்பார். இல்லாவிட்டால் பழைய முத்திரைதான். பிறகு இந்தப் பேச்சை அவரிடம் எடுக்கவே கூடாது.

"சம்மதமா?" என்று கேட்டார்.

"சம்மதம்" என்றார் மாமனார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆடி எங்களை வைத்து விளையாடியது. காலையில் வெயில் காட்டும். பாவைத் தெருவுக்குக் கொண்டுவரலாம் என்று கையை நீட்டினால் தூறும். உள்ளே போனால் மறுபடியும் வெயில். ஒரு வழியாக ஆடியின் கடைசியில் ஒரு நாள் வானம் துடைத்துவிட்ட பித்தளைத் தாம்பாளமாக விடிந்தது. முந்தின நாள் காலையிலேயே மேகம் விலகியதைப் பார்த்து வியாபாரிக்குப் பஸ்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தோம். மோட்டாரில் வருவதாகப் பதில் வந்திருந்தது.

அந்தப் பாவைப் போல நீளமாக ஒன்றை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. தெருவின் இந்த முனையிலிருந்து கிட்டத்தட்ட அந்த முனை வரைக்கும் குத்துக்கால்களின்மேல் வெள்ளையாகக் கிடந்தது. இழை மாறாமல் இருக்க நடுவில் மூங்கில் குச்சிகள். இரண்டு பக்கமும் ஆட்கள் புருசோடு நின்றார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் ஒருவரோடொருவர் முகம் பார்க்காதவர்கள் அன்றைக்கு எதிரெதிரே நின்று நீவினார்கள். கஞ்சி மணம் தெருவெல்லாம். எங்கள் வீட்டில் சோறு பொங்குவதைவிட நல்ல அரிசி.

நான் நூல்கடை மாடிக்கு ஏறும்போது பெண்டாட்டி சொன்னாள்: "இன்னைக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக் கத்துங்க. அந்த மொதலாளி வாற நாளு."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

வெயில் ஏறியது. பாவு பாதி காய்ந்திருக்கும். மேற்கே வேளிமலை தெளிவாக இருந்தது. நான் அதையே பார்த்தேன். ரொம்ப நேரம் ஒன்றையே பார்த்தால் அது நம்மைப் பார்ப்பது போல இருக்கும். மலையும் அப்படித்தான் என்னைப் பார்த்தது. அப்போதுதான் தென்னை மண்டைகளுக்குப் பின்னாலிருந்து கரேலென்று ஒன்று எழும்பியது. அடி அகலமாக, தலை குனிந்து, மேல்காற்றில் சாய்ந்து நேராக எங்கள் தெருவை நோக்கி வந்தது.

பொறுத்துக் கத்த வேண்டும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. பொறுத்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு எச்சில் விழுங்கும் நேரம். அப்புறம் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தேன், வந்த சத்தத்தில் நூல்கடைக் கூரையிலிருந்த காக்கையெல்லாம் பறந்தன.

"மழை! மழை வருது! எடுங்கோ! எடுங்கோ!"

தெரு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் சட்டம் என்று சொன்னேனே. ஒவ்வொரு குத்துக்காலுக்கும் ஒருவர் குனிந்தார். மாமனாரின் குரல் கேட்டது: "எடு!" பாவு முழுவதும் ஒரே மூச்சில் தரையை விட்டு எழும்பியது. "ஓடு!" அத்தனை பேரும் ஒரே காலாக ஓடினார்கள். இழுத்த இழுப்புத் தளராமல், முறுகாமல், வெள்ளையாக ஓர் ஆறு எழுந்து தெருவில் ஓடுவது போல இருந்தது.

ஓடிய இடம் தெருக்கோடியில் கிறிஸ்தவர்கள் கும்பிடும் வேதக்கோயில். நாங்கள் அம்மன் கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் அம்மன் கோயில் மண்டபம் தூணும் துணைத்தூணுமாக இருக்கும். பாவு திரும்ப இடம் கிடையாது. மிஷன் காலத்தில் கட்டிய அந்தக் கோயிலோ வாசலிலிருந்து பீடம் வரை நேராக ஒரே நீளம், மேலே ஓடு. எந்த வருஷத்திலோ ஒரு மழைக்கு, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கதவைத் திறந்துவிட்டாராம். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஆடி பிறந்தால் கோயில் சாவி அவர் இடுப்பைவிட்டு இறங்காது. நான் கத்தினால் என் மாமனாருக்கு முன்னால் அவர் ஓடுவார்.

இவ்வளவும் நடக்கும்போது தெருவின் அந்த முனையில் ஒரு மோட்டார் வந்து நின்றது. சாலை வியாபாரி. எதிரே வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள், வெள்ளையாக நீளமாக எதையோ தூக்கிக்கொண்டு, வாய் பேசாமல் ஓடுகிறார்கள். அவர் கீழே இறங்கி, தோளிலிருந்த நேரியலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாக ஒதுங்கி நின்றார். பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற பெண்ணிடம் மெல்லக் கேட்டாராம்: "ஆரு மரிச்சது?"

"ஆரும் சாவல மொதலாளி. அது பாவு. மழை வந்தா அதுதான் சாவும்."

வியாபாரி மேலே பார்த்தார். நானும் அதே நேரத்தில் மேலே பார்த்தேன். வானம் நீலமாக இருந்தது. வெயில் பளீரென்று அடித்தது. நான் கண்ட கருப்பு தென்னைகளுக்கு மேலே கலைந்து, சாம்பலாகி, ஒரு நூலாக இழுபட்டு மறைந்தது.

அது புகை. ஊரின் மேற்கு ஓரத்தில் புதிதாக நூல் அடுக்கிவைக்க ஒரு கிட்டங்கி கட்டத் தொடங்கியிருந்தார்கள். அதற்குச் சுண்ணாம்பு சுட அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சூளைக்குத் தீ வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வளர்வதைப் பார்த்து மழை என்று கத்திய ஒரே ஆள் நான்தான்.

மாடிப்படியில் இறங்கும்போது எனக்கு வந்த முதல் யோசனை ஆரல்வாய்மொழி. கணவாயைத் தாண்டிவிட்டால் வெள்ளைக்காரன் ராஜ்யம். மாமனாரின் அதிகாரம் அங்கே செல்லாது. இரண்டாவது யோசனை, நடந்தே போவதா, வண்டி பிடிப்பதா என்பது. அதற்குள் கீழே பெண்டாட்டி நின்றாள்.

"மழை எங்க?"

"அது வந்து... சுண்ணாம்புச் சூளை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, கிடந்த புருசு ஒன்றை எடுத்து என் கையில் திணித்தாள். "பாவு பாதி ஈரத்துல அங்க கிடக்கு. கை நின்னா ஒட்டிப் போவும். ஓடுங்க. திட்டு எங்கயும் போவாது, அங்கதான் இருக்கும்."

வேதக்கோயிலுக்குள் நுழைந்தேன். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, பாவை வாசலிலிருந்து பீடத்துப் படி வரை கொண்டுபோய், அங்கே ஒரு மடக்கு மடக்கித் திரும்பக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். எல்லாரும் நீவிக்கொண்டிருந்தார்கள். கோயில் பக்கத்து அறையில் லேஸ் பின்னுகிற சபைப் பெண்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள், வாய்க்குப் பெயர் போனவள், என்னைப் பார்த்ததும் தொடங்கிவிட்டாள்.

"வாரும் மழைக்காரரே! குடை கொண்டாந்தீரா?"

பக்கச் சன்னல் வழியாக வெயில் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. அத்தனை பேரும் முதலில் அந்த வெயிலைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். மாமனார் புருசை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். அது சாமி இருக்கிற இடம்; சத்தம் போட முடியாது. ஆகவே அவர் குசுகுசுவென்று திட்டினார். உரக்கத் திட்டு வாங்கிப் பழகியவனுக்குத்தான் தெரியும், காதோரம் மெதுவாக வாங்கும் திட்டு எப்படிப்பட்டதென்று. அவர் சொன்னதில் பாதியை எழுத முடியாது. மீதிப் பாதி என் அம்மாவைப் பற்றியது. அவருடைய தங்கை என்பதால் கொஞ்சம் குறைத்தே சொன்னார்.

அந்த நேரத்தில் வியாபாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். புருசுகள் நின்றன. "நிறுத்தாதீங்க!" என்று மாமனார் சொன்னதும் மறுபடி ஓடின.

"பாவு தெருவுல இருக்கும்னு சொன்னீரு" என்றார் வியாபாரி.

"இருந்தது. மழைன்னாங்க, எடுத்தோம்."

"மழை இல்லியே."

"இல்ல."

"பின்னே ஆரு சொன்னது?"

"என் மருமவன் கத்தினான்" என்றார் மாமனார்.

"கத்தினா, பாக்காம எடுத்துடுவீங்களா?"

"எடுத்துடுவோம்."

வியாபாரி பாவின் பக்கத்தில் போய், மூங்கில் குச்சிகள் செருகியிருந்த இடத்தில் குனிந்தார். கண்ணாடியை மேலே தள்ளினார். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இழை இழையாக விரலை ஓட்டினார். அப்புறம் பீடத்துப் பக்கம் போய், மடக்கிய இடத்திலும் அதே மாதிரி. இழை ஒன்று மாறி விழுந்திருந்தாலும் துணியில் அது கோடாகத் தெரியும். அந்தக் கோட்டோடு வடசேரியின் பேரும் போய்விடும். ஓடிய ஓட்டத்தில் எத்தனை மாறியிருக்குமோ! எனக்குக் காது அடைத்துவிட்டது. உபதேசியார் பக்கத்தில் வந்து, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். 'மழை வேணும்' என்று சொல்லலாமென்று தோன்றியது. இடம் சரியில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

வியாபாரி நிமிர்ந்தார்.

"எம்புட்டு தூரம் ஓடியாந்தீங்க?"

"அந்தக் கோடியிலேருந்து."

"கஞ்சி ஈரத்தோடயா?"

"ஈரத்தோடதான்."

"ஆளெல்லாம் ஒரே வீடா?"

மாமனார் சிரித்தார். "ஒரே வீடா? இதுல பாதிப் பேரு ஒருத்தனோட ஒருத்தன் பேசமாட்டான் மொதலாளி."

வியாபாரி தலையை ஆட்டினார். "ஒரு இழை மாறல்ல. என் கடையில நாலு பேரு சேந்து ஒரு கட்டு துணியை மச்சுக்கு ஏத்தினா, அது ரெண்டு கட்டாத்தான் போய்ச் சேரும்." பிறகு குரலை மாற்றிக்கொண்டார், வியாபாரி அல்லவா. "பாவு சரி. துணியும் இது போல வரட்டும். ஒரு முண்டு மாறினாலும் பழைய முத்திரைதான், கேட்டுக்கிடும்."

வாசல் வரை போனவர் திரும்பி, "அந்தக் கத்தின ஆளு எது?" என்றார். அத்தனை விரலும் என்னைக் காட்டின. "கடைக்குக் காவலுக்கு இப்படி ஒருத்தன் வேணும். தாறீரா?"

நான் மாமனாரைப் பார்த்தேன். தொலைந்தான் சனியன் என்று தூக்கிக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"தரமாட்டோம் மொதலாளி" என்றார். "எங்களுக்கே வேணும்."

அதற்கப்புறம் ஓணம் வரைக்கும் தெரு தூங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. ஒரே பாவைப் பங்கு வைத்தோம். எல்லா வீட்டிலும் ஒரே அளவு அச்சு. சங்கத்து ஆட்கள் வீடு வீடாகப் போய் அடியைக் கேட்டார்கள். நெய்கிற சத்தத்தை வைத்தே, "கொஞ்சம் இறுக்கமாப் போவுது, தளத்தும்" என்பார்கள். நானும் வீடு வீடாகப் போனேன், என் பயத்தையும் எடுத்துக்கொண்டு. எங்கே போனாலும் துணி தடியாகத் தெரிந்தது. அடுத்த வீட்டில் மெலிசாகத் தெரிந்தது. கடைசியில் ஒரு வீட்டில் என்னை உள்ளே விடாமல் கதவைச் சாத்தினார்கள்.

நெய்து முடிந்த முண்டுகளைச் சங்கத்து அறையில் வரிசையாக விரித்துப் போட்டார்கள். துணியைப் பார்த்து யாருடையது எது என்று ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. என் பெண்டாட்டி மட்டும் விடவில்லை. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய் ஒன்றைத் தூக்கினாள்.

"இது நீங்க நெஞ்சது. பாருங்க, இந்த இடத்துல ஒரு நடுக்கம் தெரியுது."

முடிச்சுக் கட்டியிருந்த அடையாள நூலைப் பார்த்தோம். அது அவள் அப்பா நெய்தது. மாமனார் வெளியே போய்ச் சிறிது நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த வேலையை அவரே பார்த்தார்.

கட்டுகள் பஸ் ஏறி வடக்கே போயின. 'சரி' என்று வியாபாரி சொல்லி அனுப்பினார். முத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தெரு நிம்மதியாக இருந்தது. என்னால் முடியவில்லை. திருவோணத்துக்குச் சில நாள் இருக்கும்போது நானே பஸ் ஏறினேன். தக்கலை தாண்டும்போது அவர் பழைய முத்திரையைக் குத்திவிட்டார் என்று எனக்குள் உறுதியாயிற்று. பாறசாலை தாண்டும்போது, கடையில் தீப்பிடித்து எல்லாம் எரிந்துவிட்டதென்றும் தோன்றியது. எங்கள் ஊரைச் சேர்ந்தவன் இன்னொருவன் பக்கத்து சீட்டில் இருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுல ஆருக்கும் சுகமில்லியா மக்கா?" என்று கேட்டான்.

சாலைக் கடைத்தெருவில் ஓணக் கூட்டம். கடைக்குள் இடித்துப் புகுந்து ஒரு மூலையில் நின்றேன். வியாபாரி என்னைக் கவனிக்கவில்லை. அப்போது எனக்கு முன்னால் ஓர் அம்மாள், நல்ல உயரம், கூடவே கல்யாண வயதில் ஒரு பெண், கடைக்காரப் பையன்களிடம் கேட்டாள்:

"வடசேரி முண்டு உண்டோ?"

அந்தச் சொல்லை நான் எங்கள் ஊரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வேறோர் ஊரில், வேறொரு பேச்சில், ஒரு பொருளின் பெயராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு கட்டை அவிழ்த்துப் போட்டார்கள். மூலையில் நீல மையில், வட்டத்துக்குள், தமிழிலும் மலையாளத்திலும்: வடசேரி.

உடனே அடுத்த பயம் வந்துவிட்டது. அந்த அம்மாள் முண்டை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். விரலால் தேய்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். "இன்னும் எடு" என்று மட்டும் சொன்னாள்.

என்னால் அடக்க முடியவில்லை. "அம்மா, இது எங்க தெருவுல நெஞ்சது" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு? விலை குறைப்பியா?"

கூட்டம் குறைந்ததும், நானும் ஒரு முண்டுக்குக் காசு கொடுத்தேன். எங்கள் தெருவில் நெய்ததை, எங்கள் பாவில் விளைந்ததை, காசு கொடுத்து வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

வீட்டில் நல்ல வரவேற்பு. "தறிக்காரன் வீட்டுல முண்டு இல்லாமலா சாலைக்குப் போய் வாங்கியாந்தீங்க?" என்றாள் பெண்டாட்டி. மாமனார் அதைவிட நீளமாகப் பேசினார். இந்தத் தடவை சாமி இடமில்லை, உரக்கவே பேசினார். "லேய், நம்ம கையில இருந்து போனதை நாமளே விலை குடுத்து வாங்குத மடையன் நீ ஒருத்தன்தான்" என்றார். நான் முண்டை அவர் கையில் கொடுத்தேன். பிரித்தார். மூலையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார், மலையாளத்தையும் சேர்த்து. அப்புறம் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வாங்கியது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கடை முத்திரை உள்ளே மறையும்படி முண்டு உடுத்துவதுதான் மரியாதை. திருவோணத்தன்று காலையில் மாமனார் குளித்து, அந்த முண்டை நனைக்காமல், மடிப்புக் கலையாமல் மொடமொடவென்று உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கினார். நீல வட்டம் வெளியே, முன்பக்கம், தொடையின்மேல் பளிச்சென்று இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டார்: "ஓய், முண்டை மாத்தி உடுத்திருக்கீரு. முத்திரை வெளிய தெரியுது."

"தெரியும் ஓய்" என்று சொல்லிவிட்டு, மாமனார் தெருக்கோடி வரை நடந்தார். அங்கே கொஞ்சம் நின்று, திரும்பியும் அதே தெருவில் நடந்து வந்தார்.